ஊட்டியாகாத மலை: ஜவ்வாதின் அமைதி எங்கிருந்து வருகிறது?

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரவு பத்து மணிக்கு நின்றால், எல்லாச் சத்தமும் கரைந்த ஒரு கூழ் காதில் விழும். பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் பெட்டிகள் முட்டிக்கொள்ளும் இடி, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரியின் ஹாரன், கீழ்வீட்டு சீரியல், இரண்டு தெரு தள்ளி யாரோ தட்டுகிற கானா. எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கூழில்தான் வளர்ந்தேன், அது இல்லாத ஊரில் முதல் நாள் தூக்கம் வராது.

அப்படித் தூக்கம் வராத ஒரு ஊருக்கு நான்கைந்து வருடமாகப் போய்வந்துகொண்டிருக்கிறேன். ஜவ்வாது மலை. பெயரைச் சொன்னதும் நண்பன் கேட்டான்: "இன்னாபா, பூஜை சாமான் கடைல டப்பால விக்கிறாங்களே, அதுவா?" அதே பெயர்தான், ஆனால் இது மலை. அடுத்த கேள்வி: "ஊட்டி மாதிரி இருக்குமா?" இருக்காது. ஏன் இருக்காது என்பதில்தான் இந்த மலையின் மொத்தக் கதையும் அடங்கியிருக்கிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு ஜவ்வாது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் படுத்துக் கிடக்கிறது. செய்யாறும் அகரம் ஆறும் நடுவில் அறுத்துப் போனதால் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பாகமாகப் பிரிந்திருக்கிறது. மேற்கில், திருப்பத்தூர் பக்கம், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்த்தொகுதிகளுக்கே 'நாடு' என்று பெயர். கிழக்கில் ஜமுனாமரத்தூர்தான் தலைமை ஊர். பெரம்பூரில் ரயில் ஏறி வாணியம்பாடியில் இறங்கினால் ஆலங்காயம் வழியாகக் காவலூர் ஏறி ஜமுனாமரத்தூர் போகலாம். போளூரிலிருந்து ஒரு பாதை, வேலூரிலிருந்து அமிர்தி வழியாக இன்னொன்று. எதில் போனாலும் கடைசி ஒன்றரை மணி நேரத்தில் வண்டிகள் குறைந்துகொண்டே வரும். பேருந்தில் நம்முடன் அரிசி மூட்டை, கோழி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் ஒரு டிராக்டர் டயர்.

மேலே ஏறியதும் சிகரத்தில் நிற்கிற உணர்வே வராது. இந்த மலையின் உட்புறம் மேசை போலவும் இல்லை, கூம்பு போலவும் இல்லை. முதுகு முதுகாக மேடுகள், அவற்றுக்கு நடுவே தாழ்ந்த தளங்கள், அந்தத் தளங்களில் சாமை வயலும் புளியமரமும் பலாவும். கண்ணைப் பறிக்கிற காட்சி என்று எதையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. பீமன் அருவி இருக்கிறது, கோமுட்டேரியில் படகு இருக்கிறது. இரண்டையும் அரை நாளில் முடித்துவிடலாம். அதற்காக மட்டும் வருகிறவர்கள் பாதிப் பேர் ஏமாந்துதான் திரும்புவார்கள் என்பது என் கணிப்பு.

இந்த இடத்தின் அழகு விடியற்காலையில் இருக்கிறது, அதற்கு எளிய காரணமும் உண்டு. பகலில் சூடேறிய தரை இரவில் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். எனவே விடியும் நேரத்தில் மேட்டைவிடப் பள்ளம் குளிராக இருக்கும். மலை ஏற ஏறக் குளிரும் என்கிற நம் கணக்கு அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத் தலைகீழ். தேங்கிய ஈரக்காற்றுதான் பனியாகிறது. மேட்டில் நின்று பார்த்தால் பள்ளம் முழுக்கப் பால் ஊற்றி வைத்தது போல இருக்கும், புளியமரத்தின் உச்சி மட்டும் தனியாக மிதக்கும். வெயில் ஏறினால் எட்டரை மணிக்குள் எல்லாம் காலி.

அதே குளிர்காற்று ஒலிக்கும் ஒரு வேலை செய்கிறது. கீழே குளிர், மேலே சற்று வெதுவெதுப்பு என்ற அடுக்கு அமைந்துவிட்டால், மேலே எழும்பும் ஒலி திரும்பவும் தரையை நோக்கி வளைகிறது. பகலில் இதற்கு நேர் எதிர்: சூடான தரைக்கு மேலே ஒலி வானத்துக்கு வளைந்து தொலைந்துபோகும். அதனால்தான் எதிர்மேட்டில் ஒரு நாய் குரைத்தால் விடிகாலையில் அது நம் திண்ணைக்கு வந்துவிடுகிறது. யாரோ கிணற்றில் வாளியை இறக்குவது கேட்கிறது. அடுத்த ஊரில் பைக்கை உதைத்துக் கிளப்புவதும், அது முதல் உதையில் கிளம்பவில்லை என்பதும் கேட்கிறது. அமைதி என்று நாம் சொல்வது அங்கே சத்தம் இல்லாமல் போவதால் வருவதில்லை. ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக, முழுசாக வந்து சேர்வதால் வருகிறது.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இந்த மலையடிவாரத்துச் செங்கம்தான் சங்ககாலச் செங்கண்மா. அந்த ஊரை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடிகள். அதில் வரும் நவிரமலையை இன்றைய பர்வதமலை என்று அடையாளம் சொல்கிறார்கள். சேயாறு இன்றைய செய்யாறு. பாட்டின் பெயரே சத்தத்தால் வந்தது: மலையை யானையாக நினைத்து, அதில் எழும் ஓசைகளை மதம்பிடித்த யானையின் முழக்கமாகச் சொன்ன பெயர். பரிசில் வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு, வழியில் என்னென்ன கேட்கும் என்று ஒரு பட்டியலே போடுகிறது. அருவியின் ஓசை, யானையின் குரல், புலி கீறிய கணவனின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, சேம்பும் மஞ்சளும் விளைந்த கொல்லையில் பன்றி விரட்ட அடிக்கும் பறை, இவை எல்லாம் மலையில் மோதித் திரும்பும் எதிரொலி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு புலவர் இந்த வட்டாரத்தைக் காதால் பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் படித்த மிதப்பில், போன வருடம் ஒரு சாமைக் கொல்லை ஓரம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "இங்க எவ்ளோ அமைதியா இருக்கு பெரியம்மா" என்று சொல்லிவைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அமைதியா? ராத்திரி பூரா தகரத்தத் தட்டி பன்னி வெரட்டினு கெடக்கறோம். நீ ஒரு நாளு கொல்லக் காவலுக்கு வா தம்பி, அமைதியப் பாக்கலாம்." பறை போய்த் தகர டப்பா வந்திருக்கிறது. பன்றி மாறவில்லை.

சரி, இந்த மலை ஏன் ஊட்டியாகவில்லை? முதல் காரணம் உயரம். ஊட்டி சுமார் 2,200 மீட்டர், கொடைக்கானல் 2,100, ஏற்காடு 1,500. காவலூர் வெறும் 725 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் காவலூருக்குக் கிடைப்பது நான்கைந்து டிகிரி. நமக்கு அது போதும். சித்திரை வெயிலைத் தாங்க முடியாமல் இங்கிலாந்தைத் தேடி மலையேறிய வெள்ளைக்காரனுக்குப் போதவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைகள் என்றாலே அந்தக் காலத்தில் மலைக்காய்ச்சல் பயமும் இருந்தது. ஆகவே பங்களா வரவில்லை, கிளப் வரவில்லை, தேயிலையும் வரவில்லை. பக்கத்து ஏலகிரியும் பெரிய உயரம் இல்லைதான், ஏறத்தாழ 1,100 மீட்டர். ஆனால் ஜோலார்பேட்டை ஜங்ஷன் அதன் காலடியில் இருக்கிறது, பதினான்கு கொண்டை ஊசி வளைவில் மேலே போய்விடலாம். இன்று வார இறுதியில் அங்கே கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கிறது.

ரயில் என்றதும் நம் வட சென்னைக்கு வந்தே ஆக வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பாதை வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ஜவ்வாதின் ஓரமாகவே நீண்டுபோனது. அப்போது நிலக்கரி கப்பலில் வர வேண்டும், விலை அதிகம். மதராஸ் ரயில்வேயின் இன்ஜின்கள் பெரும்பாலும் விறகைத்தான் தின்றன. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்கும் மரம்தான். காடு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்ற கவலை அரசாங்கத்துக்கும் வந்தது. ரயில் ஓடிய அதே 1856ல் ஹியூ கிளெக்ஹார்ன் மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஆனார். 1882ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது, காப்புக்காடுகள் பிரித்து அளக்கப்பட்டன. ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த முடிச்சு நினைவுக்கு வரும்: காட்டைத் தின்ற ரயிலே கடைசியில் காட்டுக்கு வேலி போடவும் காரணமானது.

அந்த வேலி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வெளியிலிருந்து வந்து விடுதி கட்டுகிறவனை அது ஓரளவு தடுத்தது. கூடவே, தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் தேனும் கடுக்காயும் எடுத்தவர்களை 'அனுமதி வாங்கி நுழைகிறவர்கள்' ஆக்கியது. இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் வழிவழிக் கதை. அதற்கும் முன்னால் ஆள் இருந்ததற்குச் சாட்சியாக, ஊர்க்காரர்கள் குள்ளர் குகை என்று சொல்லும் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடி வைத்த சிறு வீடுகள். குனிந்து உள்ளே பார்க்கலாம், ஆட்டுப்புழுக்கை இருக்கும்.

காடு நின்றதால் கிடைத்த இன்னொன்று இருட்டு. இருட்டைத் தேடி ஒருவர் இந்த மலைக்கு வந்தார் என்பது சென்னைக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டிய கதை.

1792ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகம் கட்டியது. ஊர் வளர்ந்தது, வானியல் வேலை 1899ல் கொடைக்கானலுக்குப் போனது. கொடைக்கானல் சூரியனைப் பார்க்க நல்ல இடம், ஆனால் இரவில் மேகம் அதிகம். 1960ல் அங்கே இயக்குநராக வந்த வைணு பாப்பு, சென்னையில் பிறந்தவர், நட்சத்திரம் பார்ப்பதற்கென்று வேறு இடம் தேடினார். தெற்கே இருக்க வேண்டும், அப்போதுதான் வடவானமும் தென்வானமும் சேர்ந்து கிடைக்கும். பக்கத்தில் பெரிய நகரம் இருக்கக் கூடாது. அவர் கண்ணில் பட்டது காவலூர். காட்டுக்குள் சுமார் 100 ஏக்கர், நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டரை டிகிரி வடக்கு. வடக்கே துருவ நட்சத்திரமும் தெரியும், தெற்கே நம்மவர்கள் திரிசங்கு என்று சொன்ன சிலுவைக் கூட்டமும் தெரியும்.

1960களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே வருடம் வியாழனின் கானிமீட் நிலவு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த நிலவுக்கு மெல்லிய காற்று உறை இருக்கலாம் என்பதற்கான தடயம் இங்கிருந்து பதிவானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்தபோது, அந்த நட்சத்திரத்தின் ஒளி விட்டுவிட்டு மங்கியது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகுக்குத் தெரிந்த அந்த இரவின் பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்று. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்டது. அது 1986ல் வேலைக்கு வந்தபோது பாப்பு உயிரோடு இல்லை, 1982ல் காலமாகிவிட்டார். இன்று தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயர்தான்.

இருட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாடியே பாடம். நகரத்து விளக்குகள் மேலே வீசும் வெளிச்சம் காற்றில் மிதக்கும் தூசியிலும் நீராவியிலும் பட்டுச் சிதறி வானமே சாம்பல் நிறமாகிறது. கடல் பக்கத்தில் ஈரப்பதம் அதிகம், சிதறலும் அதிகம். அதோடு மணலிப் பக்கம் புகைபோக்கி உச்சியில் எரியும் தீ நாக்கு, துறைமுகத்தின் உயர விளக்குகள். அந்தச் சாம்பலைவிடப் பிரகாசமான நட்சத்திரம் மட்டுமே நம் கண்ணுக்குத் தப்பி வரும். காவலூரில் நிலவில்லாத இரவில் இந்தத் திரை மிகவும் மெல்லியது. பால்வீதி என்பது பாடப்புத்தகப் படம் என்று நினைத்திருந்த எனக்கு, அது மேகம் என்றே முதலில் தோன்றியது. கலையக் காத்திருந்தேன். கலையவில்லை. ஆனால் வடமேற்கே அடிவானத்தில் இப்போது மங்கலாக ஒரு வெளுப்பு தெரிகிறது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து விளக்குகளாகத்தான் இருக்க வேண்டும்.

இதுவரை எழுதியதை மட்டும் படித்தால் சொர்க்கம் என்று நினைக்கத் தோன்றும். பார்க்க வந்தவனுக்கு அமைதியாகத் தெரிகிற தூரம், அங்கே இருக்கிறவருக்குத் தூரம் மட்டும்தான். 2023 மே மாதம், இதே மலைத்தொடரில் வேலூர் மாவட்டத்து அல்லேரி பக்கம், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தது. மலைக்கு மேல் வண்டி போகச் சாலை இல்லாததால், உடலைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடந்தார். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிக் காவல்துறை சுட்டதில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் உண்டு. மானாவாரிச் சாமை வருடம் முழுக்கச் சோறு போடாது. கேரளம், கர்நாடகத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் ஆட்கள் போய்விடுகிறார்கள். பகல் பதினொரு மணிக்கு ஒரு ஊருக்குள் நடந்தால் கிழவர்களும் குழந்தைகளும் நாய்களுமாக இருக்கும். அந்த நேரத்து மௌனத்தை ரசிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது போவது என்பதில் மட்டும் ஒரு கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்யும், ஆடியிலிருந்து கார்த்திகை வரை மலை பச்சை, ஆனால் வானம் மூடிக்கிடக்கும். மாசி தாண்டினால் வானம் சுத்தம். இலையுதிர்க்கும் காடு என்பதால் மலை பழுப்பாகிவிடும், பீமன் அருவி பாறையாகிவிடும், பங்குனி வெயிலில் பொன்னேரியில் இருப்பது போலவே இருக்கும். பச்சையும் நட்சத்திரமும் சேர்ந்து கிடைப்பது மார்கழிக் கடைசியிலிருந்து தை முடியும் வரை மட்டும். ஆய்வகத்தில் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு, கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது அதைவிட நல்லது. வரும்போது சாமையும் தேனும் வாங்கலாம். ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் பேரம் பேசுகிற வழக்கத்தை மட்டும் நான் விட்டுவிட்டேன். பன்றி தின்றது போக மிஞ்சியதுதானே மூட்டையில் இருக்கிறது.

போன தை மாதம் திரும்பி வந்த அன்று இரவு, சாமை மூட்டையைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். நண்பனும் வந்திருந்தான். நட்சத்திரம் எண்ணலாம் என்றேன். இரண்டு பேருமாகக் கழுத்து வலிக்க 11 எண்ணினோம். அதில் ஒன்று மெதுவாக நகர்ந்து மீனம்பாக்கம் பக்கம் இறங்கிவிட்டது.